ஒரே வாணலியில் டெக்ஸாஸ்

சில ஊர்களைப் பார்க்கக் கோபுரத்தின் மேல் ஏற வேண்டும். அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாநிலத்திலுள்ள ஸான் அண்டோனியோவைப் பார்க்க வேண்டுமானால் கீழே இறங்க வேண்டும். மோட்டார்கள் விரையும் தெருவிலிருந்து ஒரு மாடி ஆழம் படி இறங்கினால், அடேயப்பா, அங்கே ஓர் ஆறு! இரு கரையிலும் கல் பாவிய நடைபாதை, ஓங்கி வளர்ந்த சைப்பிரஸ் மரங்கள், வில்லாக வளைந்த சிறு பாலங்கள், வர்ணக் குடைகளுக்கு அடியில் சாப்பாட்டு மேஜைகள்.

1921-ல் இந்த ஆற்றில் பெருவெள்ளம் வந்து பல உயிர்களைக் கொண்டு போயிற்று. ‘நகரின் நடுவே வளைந்து ஓடும் பகுதியை மூடிவிட்டால் என்ன?’ என்ற யோசனை எழுந்தது. ஆற்றைக் காப்பாற்ற வேண்டுமென்று வாதாடியவர்களில் முன்னணியில் நின்றவர்கள் பெண்கள். 1924-ல் அவர்கள் தொடங்கிய பாதுகாப்புச் சங்கம் இன்றும் இருக்கிறது. பிறகு ராபர்ட் ஹக்மன் என்ற கட்டடக் கலைஞர் தீட்டிய திட்டப்படி 1939-லிருந்து 1941 வரை வேலை நடந்து, இந்த அழகான நடைபாதை உருவாயிற்று.

ஊரின் பெயர்கூட இந்த ஆற்றங்கரையில்தான் பிறந்தது. 1691-ம் வருஷம் ஜூன் 13, அந்தோனியார் திருநாளன்று ஸ்பெயின் தேசத்தார் இங்கே வந்து சேர்ந்தார்கள். ஆகவே ஸான் அண்டோனியோ. 1718-ல் அவர்கள் கட்டிய முதல் மிஷன்தான் பிற்காலத்தில் அலமோ என்று பெயர் பெற்றது. 1836-ல் அதற்குள்ளே ஒரு சிறு படை 13 நாள் முற்றுகையைத் தாங்கி நின்று மடிந்தது. உல்லாசப் பிரயாணிகள் அனைவரும் அதன் முன்னால் நின்று படம் பிடித்துக் கொள்கிறார்கள்.

சகோதரிகளே, நான் உங்களை அழைத்துப் போகப் போவது கோட்டைக்கு அல்ல. ஒரு சமையலறைக்கு!

ஐந்து மணி பத்து நிமிஷம்

என் நாத்தனார் பெண் ஸான் அண்டோனியோவில் குடியிருக்கிறாள். அவளுடன் மூன்று வாரம் தங்கியிருந்தபோது பக்கத்து வீட்டு அம்மாள் எனக்குச் சிநேகிதமானாள். மெக்ஸிகோவிலிருந்து வந்த குடும்பம். ஆனால் வந்தது அவளுடைய பாட்டியின் அப்பா காலத்தில். ஆஸ்பத்திரியில் நர்ஸ் உத்தியோகம். வாரத்தில் மூன்று நாள் இரவு ஏழு மணிக்குப் போனால் காலை ஏழு மணிக்குத்தான் திரும்புவாள். பிள்ளைகள் இருவரும் பள்ளிக்கூடத்திலிருந்து வருவது நாலரை மணிக்கு. கணவர் வேலை முடிந்து வருவது ஐந்தே முக்காலுக்கு. அம்மாள் வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டியது ஆறு இருபதுக்கு. கணக்குப் போட்டுப் பாருங்கள். நாலு பேரும் ஒரே மேஜையில் முகம் பார்த்து உட்காரக் கிடைப்பது முப்பத்தைந்து நிமிஷம்!

“இந்த அரை மணியை விட்டுவிட்டால், ஸின்யோரா, என் பையனுக்குப் பல் விழுந்த சமாசாரம்கூட எனக்கு மறுநாள்தான் தெரியும்” என்றாள் அவள்.

அதனால்தான் வேலைக்குப் போகும் நாட்களில் அவள் அடுப்பில் ஒரே ஒரு பாத்திரம்தான் ஏறும். சமைக்கவும் அதுதான், பரிமாறவும் அதுதான். கழுவுவதற்கும் அது ஒன்றுதான்! நீண்ட கைப்பிடியுள்ள, தட்டையான, கனத்த இரும்பு வாணலி. பாட்டி வைத்துவிட்டுப் போனதாம். நம் வீட்டுப் பழைய தோசைக்கல்லைப் போல் எண்ணெய் ஊறிக் கறுகறுவென்று மின்னியது.

நேரே அடுப்பங்கரைக்கு

அவள் செய்வது டாக்கோ. மக்காச்சோள அடையை மடித்து, உள்ளே கறி, கீரை, பாலாடைக் கட்டி எல்லாம் வைத்துச் சாப்பிடுவதுதான் டாக்கோ. வார நாட்களில் ஒவ்வொன்றாக மடிக்க யாருக்குப் பொழுது இருக்கிறது? ஆகவே உள்ளே வைக்க வேண்டியவற்றையெல்லாம் ஒரே வாணலியில் சோற்றோடு சமைத்து இறக்கி, பொரித்த மக்காச்சோள வில்லைகளால் அள்ளி அள்ளிச் சாப்பிட்டுவிடுகிறார்கள்.

நாலு பேருக்கு அவள் எடுத்துக்கொண்ட அளவு இது. மாட்டுக் கொத்துக்கறி ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம். பெரிய வெங்காயம் ஒன்று. பூண்டு மூன்று பல். ‘சில்லி பவுடர்’ ஒரு மேஜைக்கரண்டி, சீரகத்தூள் ஒரு தேக்கரண்டி, ஓரிகானோ இலைத்தூள் அரைத் தேக்கரண்டி, உப்பு. பச்சை மிளகாய் சேர்த்த தக்காளி டின் ஒன்று, வேக வைத்த கறுப்புப் பீன்ஸ் டின் ஒன்று. நீண்ட ரக அரிசி முக்கால் கப், தண்ணீர் ஒன்றரைக் கப். மேலே தூவ, துருவிய பாலாடைக் கட்டி ஒரு கப்.

முதலில் வாணலியை நன்றாகக் காய வைத்தாள். கறியைப் பரப்பினாள். பிறகு கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டாள்!

“கிளற வேண்டாமா? அடி பிடித்துவிடாதா?” என்று நான் பதறினேன்.

“கொஞ்சம் பிடிக்கட்டும். கிளறிக்கொண்டே இருந்தால் கறி தண்ணீர் விட்டு வெந்து போகும், சிவக்காது. சிவந்தால்தான் ருசி” என்றாள்.

இரண்டு மூன்று நிமிஷத்துக்குப் பிறகு கறியைப் புரட்டி, மரக் கரண்டியால் உதிர்த்தாள். வெங்காயம் விழுந்தது. கறியிலிருந்து கொழுப்பு நிறைய உருகியிருந்ததால், ஒரு கரண்டி மட்டும் விட்டுவிட்டு மீதியை வடித்துவிட்டாள். சூடான கொழுப்பை ஒருபோதும் தொட்டியில் கொட்டலாகாதாம். குழாயில் உறைந்து அடைத்துக்கொள்ளும். அதற்கென்று ஒரு பழைய டின் வைத்திருக்கிறாள்.

அடுத்தது பூண்டும் பொடிகளும். இங்கேதான் எனக்கு நம் ஊர் வந்துவிட்டது! பொடிகளைத் தண்ணீரில் கரைக்காமல், அந்தக் கொழுப்பிலேயே ஒரு நிமிஷம் புரட்டினாள். நாம் தாளிப்பதில் உள்ள சூட்சுமம்தான். மணம் எண்ணெயில் இறங்கினால் பண்டம் முழுவதும் பரவும். பிறகு அரிசியைப் போட்டு ஒரு புரட்டு. தக்காளி, பீன்ஸ், தண்ணீர், உப்பு. கொதி வந்ததும் தணலைக் குறைத்து மூடிவிட்டாள்.

“இனிப் பதினெட்டு நிமிஷம் மூடியைத் தொடக்கூடாது. என் பெண் இரண்டு தடவை திறந்து பார்ப்பாள். அன்றைக்கு அரிசி நறுக்கென்று நிற்கும்” என்று சிரித்தாள்.

அந்தப் பதினெட்டு நிமிஷத்தில் லெட்டூஸ் கீரையை நறுக்கினாள், பையனின் கணக்கு நோட்டைப் பார்த்தாள், தலை வாரிக்கொண்டாள், ஆஸ்பத்திரி உடுப்பை மாட்டிக்கொண்டாள். திரும்பி வந்து அடுப்பை அணைத்து, பாலாடைக் கட்டியைத் தூவி மறுபடி மூன்று நிமிஷம் மூடினாள். திறந்தபோது அது உருகிப் பொன்னிறமாய்ப் படர்ந்திருந்தது. மேலே கொத்துமல்லி, ஒரு மூடி எலுமிச்சம்பழச் சாறு. வாணலி அப்படியே மேஜைக்குப் போயிற்று. மணி ஐந்து நாற்பத்தைந்து!

மூன்று எச்சரிக்கைகள்

செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு மூன்று விஷயம் சொல்ல வேண்டும்.

அங்கே ‘சில்லி பவுடர்’ என்பது நம் மிளகாய்த்தூள் அல்ல. காரம் குறைந்த மிளகாயோடு சீரகம், பூண்டு, ஓரிகானோ எல்லாம் கலந்த பொடி. நம் வீட்டு மிளகாய்த்தூளை அதே அளவு போட்டால் குழந்தைகள் கண்ணீர் விடுவார்கள்! கால் பங்கு போதும். ஓரிகானோ கிடைக்காவிட்டால் கவலை இல்லை. நம் ஓமவல்லி இலையில் ஒன்றிரண்டைப் பொடியாக நறுக்கிப் போட்டால் ஏறக்குறைய அதே மணம் வரும்.

இரண்டாவது, கொத்துக்கறியை அரைவேக்காடாக விடக்கூடாது. முழுத் துண்டில் மேற்புறம் மட்டும் இருக்கும் கிருமிகள், கொத்தும்போது உள்ளே எங்கும் கலந்துவிடுகின்றன. உட்சூடு 71 டிகிரி செல்சியஸ் வர வேண்டுமென்று அமெரிக்க அரசாங்கத்தின் விவசாய இலாகா சொல்கிறது. நிறத்தை மட்டும் பார்த்து வெந்துவிட்டதென்று நம்பக் கூடாதாம். நர்ஸ் அம்மாள் சமையலறையிலும் ஒரு தர்மாமீட்டர் வைத்திருப்பதில் ஆச்சரியம் என்ன?

மூன்றாவது, மிஞ்சியதை இரும்பு வாணலியிலேயே விட்டு வைக்கக் கூடாது. தக்காளிப் புளிப்பு இரும்பின் எண்ணெய்ப் பூச்சை அரித்துவிடும். இரண்டு மணி நேரத்துக்குள் வேறு பாத்திரத்துக்கு மாற்றிக் குளிர்பெட்டியில் வைத்துவிட வேண்டும்.

வாணலிக்குள் இரண்டு உலகம்

மறுநாள் நாங்கள் ஊருக்குத் தெற்கே இருக்கும் பழைய மிஷன்களைப் பார்க்கப் போனோம். அலமோவையும் சேர்த்து ஐந்து. 2015-ல் இவை உலகப் பாரம்பரியச் சின்னங்களாயின. கான்ஸெப்ஸியோன், ஸான் ஹோஸே, ஸான் ஹுவான், எஸ்பாடா என்று மற்ற நாலும் ஆற்றை ஒட்டி வரிசையாக நிற்கின்றன. எஸ்பாடாவில் 18-ம் நூற்றாண்டில் வெட்டிய வாய்க்காலில், கல் பாலத்தின்மேல் இன்றும் தண்ணீர் ஓடுகிறது. தஞ்சை ஜில்லாவில் பிறந்தவர்களுக்கு அதைக் கண்டால் மனம் குளிரும்.

அந்த வாய்க்கால் கரையில் நின்றபோது முதல் நாள் வாணலி நினைவுக்கு வந்தது. மக்காச்சோளம், பீன்ஸ், மிளகாய், தக்காளி ஆகிய நான்கும் அமெரிக்கக் கண்டத்துப் பூர்வகுடிகள் பயிரிட்டு வளர்த்த செல்வம். மாடு, பாலாடைக் கட்டி, வெங்காயம், பூண்டு, சீரகம், அரிசி ஆகியவை கடல் கடந்து வந்தவை. எஸ்பாடா மிஷனுக்குச் சொந்தமாக மாட்டுப் பண்ணையே இருந்தது. டெக்ஸாஸில் மாட்டிறைச்சி பெருகியதற்கு வித்து அங்கேதான் விழுந்தது.

நமக்கும் இதில் உறவு உண்டு. போர்ச்சுகீசியர் கப்பலேறி நம் கரைக்கு வரும்வரை, மிளகாய் இல்லாமல் மிளகைக் கொண்டே நாம் காரம் சேர்த்தோம். தக்காளி அதற்கும் பிறகு வந்த விருந்தாளி. தக்காளி ரசத்துக்குப் பிறந்த வீடு அந்தப் பக்கம் என்று சொன்னால் தவறில்லை!

மக்காச்சோள அடைக்கும் ஒரு ரகசியம் உண்டு. சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேக வைத்து ஊற வைத்துத்தான் அரைக்கிறார்கள். இதனால் தோல் கழன்று மாவு இழுபடும். அதைவிட முக்கியம், சோளத்துக்குள் பூட்டிக் கிடக்கும் நயாசின் என்ற வைட்டமின் உடம்பில் சேரும். இந்தப் பக்குவம் தெரியாமல் சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகளை, 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களில் பெல்லாக்ரா என்ற நோய் வாட்டியது. பூர்வகுடிப் பெண்களின் கைப்பக்குவத்தில் எவ்வளவு வைத்தியம் இருந்தது, பாருங்கள்!

விளக்கொளியில் கடை போட்ட ராணிகள்

இந்த ஊரில் இரவு வேலைக்குப் போகும் பெண்கள் இன்று புதிதாக வந்தவர்கள் அல்ல. 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பொழுது சாய்ந்ததும் மிலிட்டரி பிளாஸா என்ற சதுக்கத்தில் மெக்ஸிகப் பெண்கள் மேஜைகளைப் போடுவார்கள். வர்ணக் கண்ணாடி விளக்குகள் எரியும். விறகடுப்பில் மிளகாயும் மாட்டுக்கறியும் சேர்ந்த ‘சில்லி’ கொதிக்கும். சிப்பாய், வண்டிக்காரன், மாட்டு மந்தை ஓட்டுகிறவன், பட்டணத்துப் பெரிய மனிதர் எல்லோரும் ஒரே பெஞ்சியில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அந்தப் பெண்களை ‘சில்லி ராணிகள்’ என்று உலகம் அழைத்தது. சிறுகதை மன்னர் ஓ ஹென்றிகூட இந்தக் கடைகளைத் தம் கதையில் கொண்டு வந்திருக்கிறார். 1893-ல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியில் ஸான் அண்டோனியோ சில்லிக்கென்று தனிக் கடையே போட்டார்கள்.

அதே 1890-களில், பக்கத்து ஊரான நியூ பிரான்பெல்ஸில் ஓட்டல் வைத்திருந்த வில்லியம் கெபார்ட் என்ற ஜெர்மானியர், மெக்ஸிகோ மிளகாயை வரவழைத்து உலர்த்தி அரைத்துப் புட்டியில் அடைத்தார். சில்லி பவுடர் பிறந்தது. பிறகு ஸான் அண்டோனியோவிலேயே தொழிற்சாலை எழுந்தது. 1932-ல் இதே ஊரில் சார்லஸ் எல்மர் டூலின் என்பவர், தம் தாயாரின் சமையலறையில் மக்காச்சோள மாவைப் பொரித்துப் பொட்டலம் கட்டத் தொடங்கினார். அதுதான் ‘பிரீட்டோஸ்’.

பொடி வியாபாரம் வளர்ந்தது. பொட்டல வியாபாரம் செழித்தது. ராணிகளின் கதி என்ன? மிலிட்டரி பிளாஸாவில் நகர மண்டபம் எழும்பியதும் அவர்கள் வேறு சதுக்கங்களுக்குத் துரத்தப்பட்டார்கள். 1930-களில் சுகாதார விதிகள் வந்தன. ஏனத்தைக் கழுவச் சரியான வசதி இல்லை, ஈ மொய்க்கிறது என்றார்கள். இடையில் சிறிது காலம் அனுமதி கிடைத்தது. 1940-களின் தொடக்கத்தோடு கடைகள் அடியோடு மறைந்தன.

ஈ மொய்த்திருக்கலாம், நான் மறுக்கவில்லை. தண்ணீர்க் குழாயும் வலைத் திரையும் கொடுத்திருந்தால் தீர்ந்திருக்கக் கூடிய குறைதானே என்று எனக்குத் தோன்றுகிறது. 2017-ல் யுனெஸ்கோ ஸ்தாபனம் ஸான் அண்டோனியோவை உணவுக் கலை நகரங்களில் ஒன்றாகச் சேர்த்துப் பெருமைப்படுத்தியது. அந்தப் பெருமையில் விறகடுப்பின் முன் இரவெல்லாம் கண் விழித்த அந்தப் பெண்களுக்குப் பெரும் பங்கு உண்டு என்பது என் அபிப்பிராயம்.

இது அசலா?

“டின் தக்காளி, கடைப் பொடி! இதெல்லாம் அசல் மெக்ஸிகோ சமையலா?” என்று கேட்கிறவர்கள் உண்டு. டயானா கென்னடி என்ற புகழ் பெற்ற சமையல் ஆசிரியை 1972-ல் வெளியிட்ட புத்தகத்தில், மெக்ஸிகோவின் சமையல் வேறு, எல்லைக்கு வடக்கே கிடைப்பது வேறு என்று கோடு கிழித்துவிட்டார். அவர் சொன்னதில் நியாயம் உண்டு. மெக்ஸிகோவின் பல பாகங்களில் டாக்கோ என்றால் மெத்தென்ற அடை. மொறுமொறுவென்று பொரித்த கூடும், துருவிய மஞ்சள் பாலாடைக் கட்டியும் வடக்கே செழித்தவை. கூட்டைப் பொரிக்கும் கருவிக்கு நியூயார்க்கில் ஓட்டல் வைத்திருந்த ஹுவென்ஸியோ மால்டோனாடோ 1950-ல் பேடண்ட் பெற்றார். 1962-ல் கலிபோர்னியாவில் கிளென் பெல் தொடங்கிய ‘டாக்கோ பெல்’ அதை உலகமெங்கும் பரப்பிற்று. ‘டாக்கோ செவ்வாய்’ என்ற பெயரைக்கூட ஒரு கம்பெனி 1989-ல் தனக்கே சொந்தமென்று பதிவு செய்து கொண்டு, 2023-ல்தான் விட்டுக் கொடுத்தது!

பக்கத்து வீட்டு அம்மாளிடம் இந்தக் கேள்வியைக் கேட்டேன். அவள் கோபித்துக் கொள்ளவில்லை.

“ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். மாவு அரைத்துப் பூரி போல் உப்பும் டாக்கோ செய்து தருகிறேன். அது எங்கள் ஊர்ச் சொத்து. செவ்வாய்க்கிழமை எனக்கு வேண்டியது அசலும் நகலும் அல்ல. பிள்ளைகளோடு உட்கார நேரம்” என்றாள்.

சாம்பார்ப் பொடியை வீட்டில் இடிக்காமல் கடையில் வாங்கியதற்காக மாமியாரிடம் பேச்சு வாங்கிய சகோதரிகளுக்கு இந்தப் பதில் பிடிக்கும் என்று நினைக்கிறேன்!

மாட்டு மாமிசம் உண்ணாத நம் வாசகிகள் ஏமாற வேண்டாம். நான் போயிருந்தது தவக்காலம். அந்த நாற்பது நாளில் வரும் வெள்ளிக்கிழமைகளில் கத்தோலிக்கர்கள் இறைச்சி தொடுவதில்லை. அன்று அவள் கறிக்குப் பதில் இன்னொரு டின் பீன்ஸும், ஒரு கை மக்காச்சோள மணியும் சேர்ப்பாள். கொழுப்புக்குப் பதில் இரண்டு மேஜைக்கரண்டி எண்ணெய். மற்றதெல்லாம் அப்படியே. அந்த வெள்ளிக்கிழமை வாணலியில் நானும் பங்கு கொண்டேன். நம் ராஜ்மாவில் செய்தாலும் ஜோராக இருக்கும். ஆனால் ராஜ்மாவை முன்பே ஊற வைத்து, நன்றாகக் கொதிக்க விட்டுக் குழைய வேக வைத்திருக்க வேண்டும்.

நீங்கள் ஸான் அண்டோனியோ போக நேர்ந்தால் ஆற்றங்கரையில் நடங்கள். அலமோவைப் பாருங்கள். எஸ்பாடா வாய்க்காலில் கால் நனையாமல் கை மட்டும் நனையுங்கள். பிறகு ஒரு வார நாளில், மாலை ஐந்து மணிக்குமேல், குடித்தனங்கள் நிறைந்த மேற்குப் பக்கத் தெரு ஒன்றில் மெதுவாக நடந்து போங்கள். வீட்டுக்கு வீடு சன்னல் வழியாகச் சீரகமும் மிளகாயும் கொழுப்பில் புரளும் மணம் வரும். யாரோ ஓர் அம்மாள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே மூடியைத் திறக்கும் சத்தம் கேட்கும். அந்த மணத்துக்காகவே இன்னொரு முறை போகலாம் என்று தோன்றும்.